சுவர் மட்டும் தெளிவாக

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். அவள் எடுத்த படம் சரியில்லை என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண் டாக்டர் கொடுத்த கேமரா அந்தக் கர்வத்தை ஒரே ரோலில் கவிழ்த்துப் போட்டது.

மாற்றலாகிப் போகும்போது அவர் கொடுத்தது அது. ஃபிலிம் போடுகிற கேமரா; கைக்கு அடக்கம், ஆனால் இரும்புக் கட்டி மாதிரி கனம். ஃபோகஸையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், பட்டனை அழுத்தினால் போதும் என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அந்த மாதம்தான் அப்பாவின் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். தனியாகச் சமாளிக்க முடியாமல் அப்பா இவளோடு வந்துவிட்டார். சாமான்களை ஏற்ற அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். அக்கா திரைச்சீலை தைப்பவள், தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நான்கு வருஷம். அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளில் தம்பி ஒரே ஒரு நாள்தான் எட்டிப் பார்த்தான். அத்தான் இறந்துபோன பிறகும் அக்காவுக்கு அந்தப் புண் ஆறவில்லை. அன்றும் கட்டிலின் ஒரு முனையை அவளும் மறு முனையை அவனும் தூக்கினார்களே தவிர, கொஞ்சம் சாய்க்கச் சொல்வதைக்கூட இவள் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

இருவரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார். காலியான கூடத்தில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, கெஞ்சியும் அதட்டியும் உட்கார வைத்தாள். கேமராவின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா, தம்பி, பின்னால் சுவர் எல்லாமே பளிச்சென்று இருந்தன. ரோல் தீரும்வரை எடுத்தாள். அன்றே சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாகிவிட்டது.

ரோலைக் கழுவிப் பார்த்தால் முதல் எட்டுப் படங்களில் ஒன்றுமே இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறாள்; அது நடுவில் எப்போதோ தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. பார்க்கிற ஜன்னல் ஓரிடம், படம் விழுகிற லென்ஸ் வேறிடம் என்றால் மூடி கிடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? மிச்சப் படங்கள் அதைவிட மோசம். அக்காவும் தம்பியும் புகையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பூதக்கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"சுவர் நல்லா விழுந்திருக்கும்மா," என்றார். "ஆணியில சுத்தின நூலு கூடத் தெரியுது."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே கண் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். ஜன்னல் வெறும் கண்ணாடிதானாம், மங்கலை அது காட்டாதாம். நடுவில் இருக்கும் குட்டிச் சதுரம் எதன்மேல் விழுகிறதோ அந்தத் தூரத்தைத்தான் கேமரா அளக்குமாம். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சந்தில் சதுரம் விழுந்து, அது சுவரை அளந்துவிட்டது. அடியில் மீட்டர் கணக்கில் எண் வருமே, கவனிக்கவில்லையா என்று வேறு கேட்டார். ஒருவர் முகத்தில் சதுரத்தை வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே கேமராவை நடுவுக்குத் திருப்ப வேண்டுமாம். அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன மனுஷன்தான் இவர்.

ஒரு வாரம் அப்பாவை வைத்துப் பழகினாள். எக்ஸ்ரே ஸ்விட்சுக்கும் பாதி, முழுசு என்று இரண்டு படி உண்டு. அந்தப் படி விரலுக்குத் தெரியும். இதில் பாதி எங்கே முடிகிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கிர்ரென்று மோட்டார் முனகும். அவள் கேமராவைத் திருப்புவதற்குள் படம் விழுந்துவிடும். அப்பாவின் காதும் நாற்காலிக் கையுமாக அரை ரோல் போயிற்று. கடைசியில், திருப்பவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சந்து இருந்தால்தானே சுவர் தெரியும் என்று முடிவுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். இருவரும் சோபாவின் இரண்டு ஓரங்களில் போய் உட்கார்ந்தார்கள்.

"நெருங்கி உக்காருங்க."

தம்பி ஒரு சாண் நகர்ந்தான். அக்கா நகரவே இல்லை.

"தோளோட தோள் ஒட்டணும்," என்றாள். "முன்ன பின்ன தெரியாத ஆயிரம் பேர பிளேட்டோட ஒட்டி நிக்க வச்சவ நான். கூடப் பிறந்ததுங்கள ஒட்ட வைக்க என் உயிரு போகுது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே நகர்ந்தாள். தோள் பட்டதும் மூக்கைச் சுளித்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராக அவள் சொன்ன முதல் வார்த்தை, "சட்டையெல்லாம் மெஷின் எண்ணெய் நாத்தம்," என்பதுதான்.

"லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. எடுத்து விட்டுட்டு நேரா வரேன்."

"அப்பவும் இதே லிஃப்டத்தான் சொன்ன. இருபது நாளும் எவனாவது மாட்டிக்கிட்டே இருந்தானா?"

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு, அத்தானை அந்தக் கோலத்தில் பார்க்கத் தனக்குத் தெம்பு இல்லை என்று மெதுவாகச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூன்று தடவை வந்து திரும்பினானாம்.

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"நீ எங்க பேச விட்ட பெரியக்கா?"

அதோடு மடை திறந்துகொண்டது. அவள் கேமராவும் கையுமாக நின்றாள். அசையாதீங்க என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்; யாரும் காதில் வாங்கவில்லை. சதுரம் அக்காவின் கன்னத்தில் விழுந்தது. அடியில் இரண்டு மீட்டர் என்று எண் வந்தது. பேசித் தொலையட்டும் என்று ரோல் முடியும்வரை அழுத்தித் தள்ளினாள்.

எல்லாப் படங்களும் கூர்மையாக வந்திருந்தன. ஒன்றில்கூட இருவர் வாயும் மூடியிருக்கவில்லை. அக்காவின் விரல் தம்பியின் மூக்குக்கு நேராக நீண்டிருந்த படத்தை அப்பா தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். வேறு நல்லதாக எடுத்துத் தருவதாக அவள் சொல்லியும் கேட்கவில்லை.

மறு வாரம் வேலை நேரத்தில் அக்கா போன் செய்தாள். தையல் மெஷின் மோட்டார் சுற்றவில்லையாம், தம்பியின் நம்பர் வேண்டுமாம்.

"நம்பர் மாத்துனதக்கூட எனக்குச் சொல்லல பாருடி அவன்," என்று தொடங்கி அவள் முடிப்பதற்குள், எக்ஸ்ரே அறை வாசலில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.