ஆளில்லாத கேலரிக்கு ஆள் சேர்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே நான் மனு எழுதித் தரும் மேசைக்கு முன்னால் பொன்னியக்கா வந்து நின்றார். கல்வராயன் மலையில் சாமையும் மக்காச்சோளமும் போடுகிறவர். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கியிருந்தார். மேசைமேல் ஒரு பெயர்ப் பட்டியல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் நம் நாட்டுக் கால்பந்து அணி ஆடும் ஆட்டத்தைப் பார்க்க எங்களோடு வருகிறவர்களின் பட்டியல். முதல் பெயர் காத்தமுத்து.

“அந்தப் பேர எடுத்துடு தம்பி,” என்றார். “நேத்து சாயந்திரம் லைன் பாக்க மலை ஏறுனவரு, பாதி வழியில மாரு வலிக்குதுன்னு கம்பத்துல சாஞ்சி உக்காந்தாரு. நான் தண்ணி மொண்டாறதுக்குள்ள போயிட்டாரு.”

மனு எழுத வந்து நின்ற மூன்று பேரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு மேசையை மடக்கினேன்.

காத்தமுத்து அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் மின்சார லைன்மேன். வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவர். நான் அதே கிராமத்தின் ஊர்த்தெருக்காரன். எங்கள் தெருவில் ஃபியூஸ் போனால் பத்து வயதுப் பிள்ளைகூட “டேய் காத்தமுத்து” என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் வாசல் கம்பத்தில் அவர் ஏறலாம், வாசற்படியில் ஏறக்கூடாது. இதை எழுதினால் எங்கள் தெருவில் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் என் மேசைக்கு வந்தார். அப்போது நானும் அவரை ஒருமையில்தான் பேசினேன். மறைக்க ஒன்றுமில்லை.

“ஒரு மனு எழுதணும் தம்பி.”

“இன்னா, பட்டாவா?”

“இந்தியா ஃபுட்பால் ஆடுது. பாக்க ஆளே வரல. அதுக்கு.”

“யாருக்கு எழுதணும்?”

“அதான் எனக்கும் தெரியல. நீ படிச்சவன். நீ சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “பி.ஏ. படிச்சிட்டு ரோட்டோரம் குந்திக்கினு இருக்கறேன். எனக்கு ஒரு வேல குடுங்கடான்னா கேக்க நாதி இல்ல. நீ பந்து ஒதைக்கறவனுக்கு ஆளு தேடறியா?”

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: “கேக்க நாதி இல்லன்னா எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுதில்ல? அப்ப நீதான் எழுதணும்.”

மனு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் கதையைக் கேட்டுவிட்டேன்.

இளவயதில் அவர் சென்னையில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் வேலைக்குப் போயிருந்தார். மைதானத்துக்கு வெளியே வேலை. உள்ளே நம் அணி வெளிநாட்டு அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. பாதி ஆட்டம் முடிந்ததும் கதவைத் திறந்து விட்டுவிட்டார்கள். டிக்கெட் கேட்கக்கூட ஆள் இல்லை. நிழலுக்காக உள்ளே போனவர், எதிர்க் கேலரியில் கொட்டும் பாட்டும் கேட்டு நின்றார். சென்னைக் கல்லூரிகளில் படிக்கும் அந்த நாட்டு மாணவர்கள் கொடி பிடித்துக்கொண்டு தங்கள் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் பதினேழு பேர். அண்ணன் எண்ணியிருக்கிறார். அதில் நாலு பேர் தூக்கம்.

“நம்மாளு ஒருத்தன் பந்த எடுத்து எறியறதுக்கு எங்க முன்னால வந்து நின்னான்,” என்று சொல்வார். “எறியறதுக்கு முன்னால தலைய தூக்கி ஒரு தபா கேலரிய பாத்தான். வெளியூர்லேர்ந்து வந்தவன், வூடு பூட்டிக் கெடந்தா இப்பிடி அப்பிடிப் பாப்பானே, அந்தப் பார்வ. சொந்த ஊர்ல ஆடறான், சாமி. எதிராளிக்குத்தான் சொந்தக்காரங்க இருக்கறாங்க.”

அன்று நம் அணி தோற்றது. அன்றிலிருந்து சென்னையில் எப்போது ஆட்டம் நடந்தாலும் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவார். ஒற்றை ஆளாகப் போய்ச் சிமெண்ட் படியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார். ஊரில் அவரைக் கிறுக்கன் என்றார்கள். கிரிக்கெட் ஸ்கோரை டீக்கடை ரேடியோவில் காது வைத்துக் கேட்கிறவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். “தோக்கற டீமுக்கு எதுக்குய்யா போற?” என்று கேட்டால் ஒரே பதில்: “ஜெயிக்கறவனுக்கு ஆளு ஜாஸ்தி. தோக்கறவனுக்குத்தான் போவணும்.”

தனியாகப் போனவருக்கு ஆள் சேர்க்கும் எண்ணம் மலையில்தான் வந்தது. கரியாலூர்ப் பக்கம் லைன் பார்க்கப் போனபோது, காட்டுப்பன்றியை விரட்ட ஒரு பெண் பரண்மேல் நின்று குரல் கொடுப்பதைக் கேட்டார். அந்தக் குரல் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. பொன்னியக்காதான் அது. அண்ணன் கம்பத்தைவிட்டு இறங்கி நேராக அங்கே போய், “எம்மா, மெட்ராஸுக்கு வரியா? அங்க ஒரு வெள்ளாம காவல் இல்லாம கெடக்குது,” என்றார்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஆட்டம் வந்தது. கூடவே மறியலும் வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டார்கள். கேட்டது நியாயம். நானும் அரிவாள் பிடித்தவன்தான். ஆனால் அதே வாரத்தில் எங்கள் கிராமத்துக் காலனிக் கூரைகள்மேல் கல் விழுந்தது. அது நியாயமில்லை. எறிந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. மறுநாள் காத்தமுத்து அண்ணன் என் மேசைக்கு வந்து, கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “லாரியில எடம் இருக்குது. வரியா?” என்று கேட்டார். வருகிறேன் அண்ணே என்றேன். அவரை அண்ணன் என்று நான் முதலில் கூப்பிட்டது அன்றுதான்.

கரும்பு லாரி ஒன்றில் அறுபத்தொரு பேர். மலையிலிருந்து நாற்பது, காலனியிலிருந்து பதினாலு, ஊர்த்தெருவிலிருந்து என்னையும் சேர்த்து ஏழு. விடிந்ததும் கிளம்பினோம். தியாகதுருகத்துக்கு முன்னால் ஒரு முழுப் புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் என் சித்தப்பா மகன் செல்வராசும் ஒருவன்.

“நிறுத்து, நிறுத்து! எந்த ஆளுங்கடா வண்டியில?”

அண்ணன் இறங்கினார். “மல ஆளு, காலனி ஆளு, உங்காளு, மூணும் இருக்குது. எண்ணிக்க.”

செல்வராசு என்னைப் பார்த்துவிட்டான். “டேய், நீயா? இவங்களோட ஒரே வண்டியிலயா? இரு, எங்கப்பன்கிட்ட சொல்றேன்.”

“சொல்லு. அவருக்கும் எடம் இருக்குது,” என்றேன்.

அண்ணன் என்னைக் கையமர்த்தினார். “சாமி, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த மரத்த எதுக்குப் போட்டீங்க? நீங்க கத்துனது மெட்ராஸுக்குக் கேக்கல. அதான? நாங்களும் கத்தறதுக்குத்தான் போறோம். மரத்த நகத்தறோம், வண்டிய உடறோம், திரும்ப இருந்த எடத்துலயே வச்சிட்டுப் போறோம். உங்க மறியலுக்கு ஒரு கொறையும் வராது.”

மறியல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெஞ்சியவர்களையும் மிரட்டியவர்களையும் பார்த்திருக்கிறார்கள். மரத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

“வெக்கலன்னா?”

“வெக்கலன்னா மரத்துக்குப் பதிலா என்னப் படுக்க வச்சிக்க.”

அண்ணன் லைன் இழுக்கும் கயிற்றைக் கட்டினார். மலைக்காரர்கள் கழிகளை அடியில் கொடுத்து நெம்பினார்கள். அரை மணி நேரத்தில் லாரி போகும் அளவுக்கு மரம் திரும்பியது. லாரி தாண்டியதும் அறுபத்தொரு பேரும் திரும்பி வந்து மரத்தை இழுத்துக் குறுக்கே போட்டோம். எங்கள் கையெல்லாம் சிராய்ப்பு. அண்ணன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “முன்ன இருந்ததுக்கு ஒரு முழம் கெழக்கால இருக்குது. இழுங்க,” என்றார்.

செல்வராசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போதும் போய்யா! நேரமாவுது, போய் ஜெயிச்சிட்டு வா!”

மைதானக் கதவில் நின்றவன் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “கரும்பு வெட்ட வந்தீங்களா? இங்க இன்னா இருக்குது?” என்றான். பொன்னியக்கா டிக்கெட்டை அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே போனோம். கிழக்குக் கேலரியில் எங்களுக்கு முன்பே இருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. எதிரே வெளிநாட்டு மாணவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். கொட்டு, கொடி, ஊதல்.

அண்ணன் லாரியிலேயே பாடம் நடத்தியிருந்தார். “பந்துதான் பன்னி. அந்த வலை நம்ம காடு. பன்னி காட்டுல பூந்தா வெள்ளாம போச்சு.” மலைக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பந்து நம் வலைப்பக்கம் வந்ததும் நாற்பது தொண்டையும் ஒன்றாக எழுந்தது. காலிக் கேலரியின் சிமெண்டில் அந்தக் குரல் மோதி இரண்டாகத் திரும்பியது. எதிரணிக்காரன் ஒருவன் காலடியில் பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். எதிர்க் கேலரியில் கொட்டு நின்றது.

ஆனால் பந்து நம் ஆட்களிடம் வந்து எதிர்ப்பக்கம் போனதும் எங்கள் கேலரி கப்சிப். நான் பொன்னியக்காவிடம் சொன்னேன்: “இப்பத்தாங்கா கத்தணும்!”

“யாராவது போற பன்னியப் பாத்துக் கத்துவாங்களா? திரும்பி வந்துடும். பேசாம குந்து.”

இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறின. அதை யாரும் மலைக்காரர்களிடம் சொல்லவில்லை. நம் ஆள் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு எதிராளியின் வலையை நெருங்க, நாற்பது பேரும் எழுந்து அவனையே விரட்டினார்கள். அவன் அரண்டுபோய்ப் பந்தை வெளியே அடித்தான். பக்கத்திலிருந்த சென்னைக்காரர் ஒருவர் எழுந்து, “யோவ், நீங்க எந்த நாட்டுக்காரங்கய்யா?” என்று கத்தினார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு படிப்படியாக ஓடினார். “காடு மாறிப்போச்சு! காடு இப்ப அந்தப் பக்கம்!”

“அதெப்பிடிய்யா பாதியில காடு மாறும்?” என்றார் பொன்னியக்கா.

“சர்க்கார் காடும்மா! சொல்லாம மாத்திடுவாங்க!”

அது மலைக்காரர்களுக்கு உடனே புரிந்தது. வன இலாகாவோடு குடும்பம் நடத்துகிறவர்கள் அல்லவா!

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். நம் ஆட்கள் பந்தைக் கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. எதிர்க் கேலரியிலும் இல்லை. பந்தை உதைக்கும் ஓசை மட்டும் எங்களுக்குக் கேட்டது. வலை உப்பியது. மலைக்காரர்கள் அப்போதும் வாய் திறக்காமல் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். “இப்பக் கத்துங்க! பன்னி போய் அவன் காட்டுல பூந்துடுச்சி! இப்பக் கத்துங்க!”

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒன்றுக்குச் சைபர். ஜெயித்தோம். நம் கோல்கீப்பர் தன் ஆட்களிடம் போகாமல் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்து எங்கள் கேலரிக்குக் கீழே நின்று கும்பிட்டார். அண்ணனுக்குக் கும்பிடக் கை வரவில்லை. முகத்தை மேல்துண்டில் புதைத்துக்கொண்டார்.

பதினாறு நாள் கழித்து அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மலையிலிருந்து இரண்டு பஸ் ஆட்கள் வந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் நேர் வழி எங்கள் தெரு. அந்த வழியாகக் காலனிப் பிணம் போனதில்லை. அன்றும் போகக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். செல்வராசு தெருமுனையில் வந்து நின்று, “மரத்த இருந்த எடத்துல வச்சிட்டுப் போன மனுஷன். போற வழிய விடுங்க,” என்றான். சித்தப்பா அவனை அறைந்தார். அவன் நகரவில்லை, நானும் பக்கத்தில் போய் நின்றேன். லாரியில் வந்த ஊர்த்தெரு ஏழு பேரில் மொத்தம் நாலு பேர் அங்கே நின்றோம். மூன்று பேர் வரவில்லை. அவர்கள் பெயரை எழுத எனக்கு ஆசைதான். அண்ணனுக்குப் பிடிக்காது. பாடை எங்கள் தெரு வழியாகத்தான் போனது. சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தாதவர்களும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா வேண்டாமா என்று யோசித்தோம். பொன்னியக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்: “காவலுக்கு வரோம்னு சொல்லிட்டு வூட்ல நிக்கறதா?”

மூன்று லாரி கிளம்பியது. வழியில் ஒரு டயர் வெடித்து, நாங்கள் மைதானத்துக்குப் போனபோது ஆட்டம் தொடங்கிக் கால் மணி ஆகியிருந்தது. மைதானம் முழுவதும் நிரம்பியிருந்தது என்று பொய் எழுதமாட்டேன். மேற்கும் வடக்கும் பாதி காலிதான். ஆனால் கிழக்குக் கேலரிப் படியில் ஏறிய நான் அப்படியே நின்றேன். துறைமுகத்துக் கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், குழந்தையை மடியில் வைத்த பெண்கள். மேல்படிவரை ஆள். உங்களுக்கு எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார். கள்ளக்குறிச்சி என்றேன். “போன தபா வந்தவங்களா? லேட்டாயிடுச்சேப்பா,” என்றார். “நாங்க வந்து எவ்ளோ நேரமாவுது!”

அண்ணே, எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கடைசிவரை நின்றுகொண்டேதான் பார்த்தோம். போய் வாருங்கள்.