பேட்டிக்கு மட்டும் நான்

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் சென்னையில். தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு மாடியில் சின்னக் கிளை. அங்கே அனுபவம் அதிகம் எனக்குத்தான். ஆனால் எனக்கு வேலை இல்லை. மென்பொருள் தொழிலில் இதை பெஞ்ச் என்பார்கள். சம்பளம் வரும், ப்ராஜெக்ட் வராது.

என்னை வேறொன்றுக்கு வைத்திருந்தார்கள். புது வாடிக்கையாளர் வீடியோவில் ஆள் பார்க்கும்போது சட்டை மாற்றிக்கொண்டு போய் உட்காருவேன். சீனியர்தான் வேண்டும் என்பார்கள். நான் பேசினால் பிடித்துவிடும். ஒப்பந்தம் ஆனதும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது அந்த வேலையைச் செய்வார்கள். நான் மேற்பார்வை பார்ப்பதாக மேனேஜர் சொல்லிக்கொள்வார். எதையும் என்னிடம் காட்டியதில்லை. முதலில் உறுத்தியது. பிறகு பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துப்போனது.

அப்படித்தான் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று வந்தது. எனக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்ய வேண்டியவள் சாயர்புரத்துப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம். நான் பேசுவதைக் கேட்டு வைத்துக்கொள்ள, கேமராவில் தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவங்க உங்கள நெனச்சுத்தான எடுக்காவ? நாளைக்கு நான் என்ன சொல்லுதது?"

"மேனேஜர் சொல்லித் தருவாரு."

"அந்தப் பொய்ய தெனமும் நான்லா சொல்லணும்."

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

பேட்டி நன்றாகவே போனது. முடிவில் அந்தக் கப்பல் கம்பெனி அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்: "தினமும் எங்களோடு வேலை செய்யப்போவது நீங்கள்தானே?"

வழக்கமாக ஆமாம் என்பேன். அன்று, "இல்லை, இந்தப் பெண். ஒரு வருட அனுபவம்தான்" என்று சொல்லி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். தைரியம் என்றெல்லாம் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

சென்னையிலிருந்து பேட்டியில் சேர்ந்திருந்த மேனேஜர் திரையின் மூலையில் அசையவில்லை. அந்த அம்மாள் அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவள் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள்.

அவளையே எடுத்துக்கொண்டார்கள், ஜூனியருக்கான கட்டணத்தில். அவள் வேலையைச் சரிபார்க்க நிஜமாகவே ஒரு சீனியர் வேண்டும் என்றும் கேட்டார்கள். எங்கள் கம்பெனி சென்னையிலிருந்து வேறொருவரைப் போட்டது.

மேனேஜர் எனக்கு போன் செய்தார். "என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? இனிமே எந்த இன்டர்வியூவுக்கும் நீங்க வர வேண்டாம்."

"சரி சார்."

கொஞ்ச நாளில் ராஜினாமா கேட்டார்கள். கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"வேல போயிட்டுன்னு சொல்லிட்டு இப்படி அசையாம உக்காந்திருக்கீய. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

யோசித்துப் பார்த்தேன்.

"வயிறு பசிக்கு" என்றேன்.

அவள் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள்.