கடல் சூடான வருஷத்துப் பந்தி

கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழிலில், மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் திட்டு வாங்குவது கூடாரம் கட்டியவர்கள்தான். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று திடலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டும் என் கொழுந்தன் மணி. கம்பத்தில் ஏறிக் கயிறு கட்டும் அஸ்மி. பிரியாணி போட வந்த காதர் பாய். பெண்ணைப் பெற்ற காளியம்மா. அவள் மூத்த மகளின் மாமியார் பாக்கியம், தைப்பிங்கிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு. மணமக்கள். மற்ற விருந்தாளிகளையும் சேர்த்தால் முந்நூறு பேர். நாற்காலி எண்ணுவதற்கு நான். எனக்குப் பேச வராது, எண்ண வரும்.

ஆனால் அந்த நாளைச் சொல்வதற்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

துடைப்பக் கட்டை

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் திடல். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. திடல் ஓரத்தில் இரண்டு வரிசை ரப்பர் மரங்கள் மட்டும் நிற்கின்றன. கார்த்திகை மாசம் அங்கே மூத்த மகளுக்கு விருந்து. கார்த்திகையில் மழை நமக்குப் புதிதல்ல. ஆனால் அது லா நினா வருஷம். பசிபிக் கடலின் அந்தக் கோடியில் தண்ணீர் குளிர்ந்து, சூடெல்லாம் நம் பக்கம் சேர்ந்துகொண்டால், பெய்கிற மழை இன்னும் கூடும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்று காலையில் பிடித்த மழை விடவே இல்லை.

கூரைத் துணியில் தண்ணீர் தேங்கினால் நாம் என்ன செய்வோம்? உள்ளேயிருந்து துடைப்பக் கட்டையால் மேலே தள்ளுவோம். அஸ்மியும் தள்ளினான். தண்ணீர் வெளியே விழாமல், இரண்டு கூடாரம் சேரும் இடுக்கு வழியாகச் சம்பந்தி மேசையில் கொட்டியது. தட்டில் பிரியாணி மிதந்தது. பாக்கியம் எழுந்தார். வேனில் வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். காளியம்மா சேற்றில் செருப்பை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். பாக்கியம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நாங்க தைப்பிங்காரங்க, தெனமும் மழை பாக்குற ஊரு, மழைக்குப் பயந்தவங்க இல்ல. ஆனா சோத்துல தண்ணிய ஊத்துனா எழுந்துதான் போவோம்.”

யாருடைய மழை

அடுத்த வருஷம் கடல் புரண்டு படுத்துவிட்டது. எல் நினோ என்றார்கள். இப்போது அந்தக் கோடியில் சூடு, மழை மேகங்களும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், நமக்கு வறட்சி. ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் சிவா இதைக் கைப்பேசியில் படித்துவிட்டு, தன் அப்பாவின் பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த கூடாரங்களை வேண்டாம் என்றார். நாற்காலி மட்டும் போதுமாம். மணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மழை குறையும் என்றால் பெய்யாது என்று அர்த்தமில்லை என்றான். சிவா கேட்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு இடி இடித்தது. அரை மணி நேரம்தான் பெய்தது. கேக்கு கரைந்துபோக அது போதும். நனைந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சிவா மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எல் நினோன்னுதானே சொன்னாங்க அக்கா? அப்ப இது யாரு அனுப்புன மழை?”

பக்கத் திரை

இந்தக் கதை காளியம்மா காதுக்கும் போனது. மாசியில் இளைய மகள் விருந்துக்குச் சொல்ல வந்தவள், எல்லாக் கூடாரத்துக்கும் நாலு பக்கமும் திரை கேட்டாள். ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாதாம். பண்டிகைக்குப் பண்டிகை பாக்கியம் அந்த நனைந்த சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு பேச, மூத்த மகள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். இந்தத் தடவை அந்த வேனில் வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். திரை கட்டினால் புழுங்கும், ஊரே காய்ந்து கிடக்கிறது என்று மணி சொன்னான். அவள் சொன்ன பதிலை அவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

“கடலு எங்கயோ தூரத்துல இருக்குண்ணே. எஞ் சம்பந்தி இந்தா தைப்பிங்லதான இருக்கா.”

எழுந்திருங்கள், போகாதீர்கள்

முதல் நாள் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. மறுநாள் மதியம் விருந்து. வாரக் கணக்கில் மழை இல்லை. திடலில் புல் பழுத்து, மண் வெடித்திருந்தது. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றன. திரை கட்டிய கூடாரத்துக்குள் காற்றும் இல்லை, மூச்சும் இல்லை. பானாஸ் பானாஸ், சூடு தாங்கவில்லை என்று அஸ்மி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். கல்யாணப் பத்திரிகையெல்லாம் விசிறியாகிவிட்டது. காதர் பாய் சட்டியைத் திறக்கும் நேரத்தில் பாதி நாற்காலி காலி, உட்கார்ந்திருந்தவர்கள் காற்றுக்காக வெளியே போய் நின்றார்கள். தைப்பிங் வேனை ஓட்டி வந்தவர், கிளம்புவதற்காக வேனில் ஏர்கோனைப் போட்டு வைக்கப் போய்விட்டார்.

திரையைக் கழற்றி ரப்பர் மரங்களுக்கு இடையில் மேலே இழுத்துக் கட்டலாம், அங்கே காற்று ஓடுகிறது என்றான் மணி. காளியம்மா வானத்தைப் பார்த்தாள். வடக்கே, தூரத்தில், ஒரு கறுத்த மேகம் திரண்டிருந்தது. அதையும் பார்த்தாள், கைப்பையை எடுத்துக்கொண்ட பாக்கியத்தையும் பார்த்தாள்.

“கழட்டுங்கண்ணே. நனைஞ்சா நனையட்டும்.”

அஸ்மி மரத்துக்கு மரம் ஏறினான். வெள்ளைத் திரைகள் இரண்டு வரிசைக்கும் நடுவே விரிந்தன. மற்றவர்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு போனார்கள். பாக்கியத்திடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை. மணி கயிற்றைப் பிடித்திருந்தான். காளியம்மா மேசை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், எழுந்துகொள்ளுங்கள் அம்மா, ஆனால் போய்விடாதீர்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். வேனில் வந்தவர்களும் தூக்கினார்கள்.

இலை நிழலில்லாத அந்த மரங்களுக்கு நடுவே துணி நிழலில் பந்தி நடந்தது. திரை காற்றில் படபடத்தது. கறுத்த மேகம் எங்களிடம் வரவில்லை. பாக்கியம் இரண்டாம் தட்டில் இருந்தபோது அவருக்கு வீட்டிலிருந்து ஃபோன். பக்கத்தில் கறிச் சட்டியோடு நின்ற காளியம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பாக்கியம் கேட்டுவிட்டு ஃபோனை மடியில் வைத்தார்.

“தைப்பிங்ல கொட்டுதாம். கொடியில போட்ட துணியெல்லாம் நனைஞ்சிருச்சாம். கெடக்கட்டும் லா, நீ இன்னும் ரெண்டு துண்டு கறி போடு.”

தூரத்துக் கடல் வருஷத்தைத்தான் சொல்லும், நம் மத்தியானத்தைச் சொல்லாது என்று இத்தனை காலம் கூடாரம் கட்டித் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள் என்றாலும், முந்நூற்று இருபது பேருக்குச் சமைத்த காதர் பாயின் சட்டியில் அன்று மிச்சம் நாலே நாலு சாப்பாடுதான் இருக்கும் என்று நாங்களும் நினைக்கவில்லை.