மேஜைக்கு நடுவே ஒரு சாக்பீஸ் கோடு

கட்டரின் முனையை மண்ணெண்ணெயில் ஒரு முக்கு முக்கி, இடது கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொள்கிறார். இனித் தெருவில் இடியே விழுந்தாலும் வைரக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். அளவுக்கு வைத்த மரச்சட்டத்தை ஒட்டி, கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு. கேட்கிறவர் பல் கூசும். பிறகு கட்டரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு, மேஜை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. டக்! கண்ணாடி இரண்டாகிவிடும். அப்போதுதான் மூச்சை விட்டு, "ம்... சொல்லுங்க" என்பார்.

கட்டர் முனையில் கடுகளவு வைரம் இருக்கிறது. அதனால் வந்த பெயர்தான் வைரக்காரர். "வைரம் வச்சிருக்கிற ஆளு, உமக்கென்னய்யா கவலை?" என்று பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் சீண்டுவார். "இது ஒரு எறும்புக்கு மோதிரம் செய்யக்கூடக் காணாது" என்று இவர் தன் போக்கில் அடுத்த கண்ணாடியை எடுப்பார்.

நாள் முழுக்கக் கண்ணாடியோடு மாரடிக்கிற மனிதர் தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வதே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வாரிய தலையோடு சாயங்காலம்வரை இருப்பார். "கடை நெறையக் கண்ணாடி. ஒண்ணுலயாவது பாருங்களேன்" என்று தலையில் அடித்துக்கொள்வார் மனைவி. "அது வாங்குறவங்க பார்க்கிறதுக்கு. நான் அளவு மட்டுந்தான் பார்ப்பேன்" என்பது இவர் பதில். கடையில் கண்ணாடியைத் துடைத்து, சட்டம் பூட்டி, வந்தவர்களோடு பேசி அனுப்புவதெல்லாம் அந்த அம்மாள்தான்.

கடை என்றால் உண்மையில் அந்த மேஜைதான். வாசலருகே ஆரம்பித்துப் பின்சுவர்வரை போகிறது. முழுப் பாளக் கண்ணாடியை மடியில் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தலாம். அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இத்தனை நீள மேஜை இல்லை. கடைக்குள்ளேயே வைத்துச் செய்ததால் வாசல் வழியே வெளியேயும் வராது.

அந்த மேஜைக்குத்தான் நகராட்சி உலை வைத்திருக்கிறது. முதலில் சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று வந்தார்கள். ஒருவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய்ச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுவரை கடையை இடிப்பார்களாம். கொஞ்ச நாளில் வேறு இரண்டு பேர் வந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டார்கள். இப்போது வெறும் நடைபாதைதானாம். வாசற்படிக்கு வெளியே மஞ்சள் கோடு. அப்பாடா என்று உட்கார்வதற்குள் மூன்றாவது கூட்டம். இருபுறமும் மரம், மக்கள் இளைப்பாற பெஞ்சு! மறுபடியும் மேஜைக்கு அடியில், நட்டநடுவே கோடு. இந்த முறை சாக்பீஸில்.

"என்ன சார், பெயிண்ட் தீர்ந்துபோச்சா?"

"இது தற்காலிகம். வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து, இந்தக் கோட்டு மேலயே பெயிண்ட் அடிச்சிருவாரு. அதான் கடைசி."

வைரக்காரருக்குத் தலை சுற்றியது. "நம்ம தொழில்ல கோடு போட்டா போட்டதுதான். பக்கத்துல இன்னொண்ணு போட்டா கண்ணாடி அது இஷ்டத்துக்குப் பொளந்துக்கும். இவங்க எப்படி மூணு போடறாங்க?" என்று பூட்டுக் கடைக்காரரிடம் கேட்டார். "பூட்டு எங்கிட்ட இருக்கு, சாவி அவங்ககிட்ட இருக்கு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அவர்.

வைரக்காரர் நகராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்தார்.

"இது முன்மொழிவுதாங்க, முடிவு இல்லை" என்றார் அதிகாரி.

"அப்ப என் கடை போகாதுங்களா?"

"முடிவானா, முன்பாதி போகும்."

"முடிவாயிருச்சுங்களா?"

"உங்க கருத்தைக் கேட்டுட்டுத்தானே முடிவு பண்ணணும்?"

"மேஜை போகக் கூடாதுங்கறதுதான் என் கருத்து. பெஞ்சு வேணும்னா, ஜனங்க என் மேஜை மேலயே உட்கார்ந்துட்டுப் போகட்டும்."

கூட்டம் சிரித்தது. இவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. "நல்லது, குறிச்சுக்கறோம்" என்றார் அதிகாரி.

"குறிச்சுக்கறோம்னாங்க" என்று மனைவியிடம் வந்து சொன்னார்.

"அப்படின்னா நல்லதா, கெட்டதா?"

"அதைக் கேக்காம வந்துட்டேனே!"

இந்தக் குழப்பத்தில்தானா நடனப் பள்ளிக்காரி வர வேண்டும்? சுவர் முழுக்க, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை கண்ணாடி வேண்டுமாம். இவர் ஆயுசில் இத்தனை பெரிய வேலை வந்ததில்லை. மேஜை இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் இது மட்டுமா போகும்? கைக்கண்ணாடிக்கும் படச்சட்டத்துக்கும் கண்ணாடி நறுக்கித்தான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

"மேஜையை நாமளே பாதியா அறுத்துருவோமா?" என்றார் மனைவி.

"முன்சுவரை இடிச்சா மேஜை முழுசா வெளிய வந்துரும்ல?"

"வந்து? நடுரோட்டுல போட்டுக் கண்ணாடி அறுப்பீங்களா?"



தினமும் காலையில் கடை திறந்ததும் வைரக்காரர் ஈரத்துணியால் தரையைத் துடைப்பார். வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் கண்ணாடித் தூள் பறந்து கண்ணில் விழும். சாக்பீஸ் கோடு வந்தபிறகு இந்தப் பக்கம் துடைத்து, அந்தப் பக்கம் துடைத்து, கோட்டை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவைத்தார். அரசாங்கத்துக் கோடு, நமக்கேன் வம்பு?

வெள்ளிக்கிழமை விடிந்தது. நடனப் பள்ளிக்காரிக்கு என்ன சொல்வது என்ற யோசனையிலேயே முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டு போனவர், கடைசியில் துணியைப் பிழிந்தபோதுதான் பார்த்தார். தண்ணீர் வெள்ளையாக இருந்தது.

"ஐயையோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!" மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டார். "அவங்க வர்ற நேரமாச்சே!"

வைரக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்தார். பெருக்கல் குறி போட்ட பழைய சிவப்புக் கோடு தவிர, தரை பளிச்சென்று இருந்தது. வைரத்தால் போட்ட கோடு இப்படி அழிந்து இவர் கண்டதே இல்லை. ஈர விரல்களை ஒருமுறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சுன்னு ஞாபகமாவது இருக்கா?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். ஒரு மயிரிழை பிசகாது." உண்மைதான். அவர் கை பிசகி யாரும் பார்த்ததில்லை. "சாக்பீஸ் எடு."

சாக்பீஸையும் மரச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தார். மேஜையின் நடுவைத் தாண்டினார். முன்காலையும் தாண்டினார். வாசற்படிக்கு வெளியே, வெயிலில் வெளுத்துக் கிடந்த மஞ்சள் கோட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தெருக்கோடியில் நகராட்சி வண்டி திரும்பும் சத்தம் கேட்டது.

வைரக்காரர் இடது கண்ணை மூடினார், மூச்சை அடக்கினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு. பிறகு பையிலிருந்து கட்டரை எடுத்து, அதன் பின்பக்கத்தால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.