கல்லில் இருந்த ஜெபம்

"இது அப்பா கல்லா, உங்க கல்லா மேடம்?"

ஏழு வருடங்களுக்கு முன்னால் கல்லறைக் கல் செதுக்கும் கடைக்காரர் என்னிடம் கேட்டது இது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டைப் பார்த்ததும் அந்தக் குரல் மறுபடி காதில் விழுந்தது. கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் ஒட்டியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை, பழைய குழிகளைத் திறந்து வேறொருவரை வைக்க வேண்டியிருக்கிறது, குடும்பத்தார் வந்து சம்மதக் கையெழுத்துப் போடவும், கல் இருந்தால் எடுத்துக்கொள்ளவும். கீழே குழி எண்கள். ஐந்தாவது எண் என் அப்பாவுடையது.

பெங்களூரில் உயிரோடு இருக்கிறவர்களுக்கே பதினோரு மாத வாடகை அக்ரிமெண்ட்தான். இதில் அப்பாவுக்கு ஏழு வருடம் கிடைத்ததே அதிகம் என்று அப்போது சிரிக்கத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. என் கோபத்துக்குக் காரணம் அப்பா இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தக் கல் கடையில் எப்போதும் ஈரக் கருங்கல் தூள் வாசனை அடிக்கும். அப்பாவின் வாசனை வேறு. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் பெயின்ட் செக்‌ஷனில் இருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டாலும் தின்னர் வாசனை போகாது. ஆனால் வருடத்தில் ஒருநாள் அவர் மேல் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். கல்லறைத் திருநாள் அன்று ஒரு பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் குடும்பத்தில் அப்போது அங்கே புதைக்கப்பட்டவர் யாரும் இல்லை. யாரும் வராத குழிகளாகப் பார்த்து வெள்ளையடிப்பார். "யாருப்பா இவங்க?" என்று கேட்டால், "தெரியாது பாப்பா. பேரு அழிஞ்சிபோச்சி" என்பார். ஏதோ அழிந்தது நல்லது என்பது போல இருக்கும் அவர் சொல்வது.

அவர் வெள்ளையடிக்கும்போது நான் மெழுகு பொறுக்குவேன். உருகி வழிந்த மெழுகுவர்த்திகளைச் சுரண்டி உருண்டையாகப் பிடிப்பது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைய விளையாட்டு. என் உருண்டைதான் பெரியதாக இருக்க வேண்டும். ஒரு வருடம் தேங்காய் அளவுக்குச் சேர்த்தேன். யாருக்கும் ஒரு துண்டு கொடுக்காமல் ஸ்கூல் பையில் வைத்திருந்து, மார்ச் வெயிலில் அது உருகி, கணக்குப் புத்தகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அப்போதே எனக்கு ஏதாவது புரிந்திருக்க வேண்டும். மிஸ் திட்டினார்கள் என்பது மட்டும்தான் புரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். நான் இன்ஜினியரிங் முடித்த வாரம் அப்பா ஃபேக்டரியிலிருந்து ஒரு சின்னத் தகடு கொண்டுவந்தார். நீலப் பெயின்ட் அடித்து, நாலு மூலையிலும் ஓட்டை போட்டது. "பாப்பா பேரும் பக்கத்துல அந்த ரெண்டு எழுத்தும் எழுதி வாசல்ல மாட்டணும்" என்றார். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "ஆணி அடிக்கபேடா, வேண்டாம்" என்று முடித்துவிட்டார். தகடு கட்டிலுக்கடியில் போனது. மறு வருடம் அப்பாவும் போய்விட்டார். மாரடைப்பு.

அதனால்தான் கல்லில் என் பெயரைப் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஆசைப்பட்டது, வாசலில் முடியாதது, இங்கேயாவது நடக்கட்டும் என்று. அது பாதி உண்மை. குழியின் மேல் படுக்கவைக்கிற கருங்கல். முதல் வரியில் அப்பா பெயர். இரண்டாவது வரியில், அன்பு மகள் என்று போட்டு என் பெயரும் பி.இ.யும். மூன்றாவது வரியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். உண்மையில் அப்போது நான் ட்ரெய்னி. நான்காவது வரியில் கம்பெனியின் பெயர். எல்லாம் இங்கிலீஷில்.

கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "அப்பாவுக்கு ஒரு லைன். உங்களுக்கு மூணு லைன். இது அப்பா கல்லா, உங்க கல்லா மேடம்? ஸ்வல்ப யோசிங்க."

"எழுதிக் குடுத்தத அடிங்க."

"ஆயித்து, சரி," என்று பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "கீழ ஒரு ஜெபம் எழுதச் சொல்லுடி." அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

அம்மா கார்மெண்ட்ஸில் பிசிர் வெட்டுகிறவள். தைத்து வந்த சட்டையைத் தடவியே எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் விரல் கண்டுபிடித்துவிடும். கல்லைப் பதித்த அன்று அதே விரலால் எழுத்துகளைத் தடவினாள்.

"இதுல அப்பா பேரு எங்க?"

அவள் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன்.

"மிச்சமெல்லாம்?"

"ஜெபம்மா," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. அவள் இரண்டாவது வரியை, மூன்றாவது வரியை, நான்காவது வரியை மெதுவாகத் தடவி, விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்படித்தான். பொம்மனஹள்ளிக்கு வீடு மாறிய பிறகும் இரண்டு பஸ் மாறி வந்து என் டிகிரியைத் தொட்டு முத்தமிட்டாள். நான் சாமந்தி மாலையை வேண்டுமென்றே கீழ் வரிகளின் மேல் குவிப்பேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தால் குறுக்கே போய் நிற்பேன். நான்காவது வரியில் இருந்த கம்பெனியை விட்டு வந்தே ஐந்து வருடமாகிறது. அப்பாவின் நெஞ்சின் மேல் மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, கோபப்பட்டேன், பூசைக்கு லேட்டாகப் போனேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்வேன். இதைச் சொன்னதில்லை.

சாம்பல் புதன் ஞாபகம் வருகிறது. நீ மண், மண்ணுக்குத்தான் போவாய் என்று ஃபாதர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். கம்பெனி பஸ் வருவதற்குள் நான் டிஷ்யூவை நனைத்துத் துடைத்துவிடுவேன். அம்மா அதோடேயே வேலைக்குப் போய், அதோடேயே திரும்பி வருவாள். வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருக்கும்.

நோட்டீஸைப் பார்த்த அன்று மாலையே ஆட்சேபணைக் கடிதம் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். இரண்டு பக்கம். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வருஷா வருஷம் நெத்தியில மண்ணப் பூசிக்கினு வர்றோம். அப்புறம் அந்த மண்ணுக்கே எதுக்குடி சண்ட? சும்னே கையெழுத்துப் போட்டுட்டு வா. உங்கப்பா என்ன, இடத்தக் காலி பண்ண மாட்டேன்னா சொல்வாரு?"

சனிக்கிழமை காலை இருவரும் போனோம். கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. அங்கே இப்போது சுண்ணாம்பு வாளிக்கு வேலையே இல்லை. எங்கு பார்த்தாலும் கருங்கல், டைல்ஸ். பேட்டரியில் எரிகிற மெழுகுவர்த்தி, அது உருகுவதே இல்லை. நாங்கள் ஓடி விளையாடிய காலி இடமும் குழிகளாக நிரம்பிவிட்டது.

அம்மா கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்லு போவட்டும். அந்த ஜெபத்த மட்டும் ஒருதடவ படி. மனசுல வெச்சிக்கிறேன்."

விரலை இரண்டாவது வரியின் ஆரம்பத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த நிமிடத்திலும் ஒரு ஜெபத்தை இட்டுக்கட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. "ஆண்டவரே," என்று ஆரம்பித்தேன். "ஆண்டவரே," என்று அம்மா திருப்பிச் சொல்லி விரலை நகர்த்தினாள். விரல் என் பெயரின் மேல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"இது ஜெபம் இல்லம்மா. என் பேரு. பக்கத்துல நான் படிச்ச படிப்பு. கீழ என் வேல. அதுக்கும் கீழ கம்பெனி."

அம்மா விரலை எடுக்கவில்லை. "மூணு லைனும்?"

"மூணும்."

"ஏழு வருஷமா உன் கம்பெனிக்கா முத்தம் குடுத்தேன்?" என்றாள். சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தாள். அது சிரிப்பாக முடியவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லியிருந்தா சந்தோஷமாத்தான் போட்டுக்கோன்னிருப்பாரு. என்கிட்ட ஏன் அப்பிடிச் சொன்ன? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே?"

எனக்கு இரண்டு மொழிகளில் நன்றாக எழுதத் தெரியும். கைப்பையில் இருந்த கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ஓரம் அடித்தாள். அப்பாவின் எலும்புகளை எடுத்து அதில் கட்டி, அதே குழியின் மூலையிலேயே வைத்துவிடுவார்கள். தைத்து முடித்து, ஒரு பிசிர்கூட இல்லாமல் வெட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமல், "அந்த ஜெபம் இன்னும் எழுதாமலேதான் கெடக்கு," என்றாள்.

பத்து நாளில் அந்தக் குழிக்கு வேறொருவர் வந்தார். தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மாள், எங்களுக்குத் தெரியாதவர். எங்கள் கல்லையே வைக்கலாமா என்று அவருடைய தம்பியிடம் பேசிவிட்டு, கல்லை ஏற்றிக்கொண்டு அதே கல் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நரைத்திருந்தது. காதில் பென்சில் இருந்தது.

"இந்தக் கல்லத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பாலிஷ் பண்ணணும்," என்று தாளை நீட்டினேன். தமிழில் இரண்டே வரி. முதல் வரியில் அந்த அம்மாளின் பெயர். இரண்டாவது, என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது: ஆண்டவரே, இவரையும் இவருக்கு முன்னால் இங்கே படுத்திருந்தவரையும் உம் நினைவில் வையும்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கீழ யார் பேரு மேடம்?"

"யார் பேரும் இல்ல."

"ஆயித்து."

குழி மண் இறங்கிய பிறகுதான் கல்லைப் பதிக்க முடியும். அதுவரை அது அவர் கடையில் கிடக்கிறது. நேற்று அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். செதுக்கி முடித்துவிட்டார். கடைக்காரர் ஒருமுறை வாசித்துக் காட்டினார், அம்மா வரி மேல் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டாள். என்னை வாசிக்கச் சொல்லவில்லை. என் பெயர் கல்லுக்கு அடியில், ஈரத் தரையைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது.