சித்தப்பா என்பது யார் பெயர்?

போன வாரம் டெல்லியில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று பிடித்து வைத்தார்கள். சிரிக்காதீர்கள்.

லக்ஷ்மிபாய் நகரில் அண்ணன் வீடு. அண்ணனுக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். திருநெல்வேலி அண்ணிக்கு ஊர் முழுக்க சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய ஐந்து வயது மகள் மீனுவோடு பூங்காவுக்குக் கிளம்பினேன். வாசலிலேயே பாடம் ஆரம்பமானது.

"தம்பி, யாரு என்ன குடுத்தாலும் வாங்கிராதிய. மயக்க மருந்து போட்டுருவானுவ. ஹோலி வருதுல்லா, மாடியில இருந்து தண்ணி பலூனை எறிவானுவ. மேல பாத்து நடங்க."

"அண்ணி, உங்களுக்கு சந்தேகப் பிசாசு பிடிச்சிருக்கு" என்று சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

மார்ச் மாத டெல்லி ஒரு விசித்திரம். ஒரு மரம் இலையைக் கொட்டுகிறது, பக்கத்து மரம் பூத்துக் குலுங்குகிறது. காலையில் போட்ட ஸ்வெட்டர் பதினோரு மணிக்கு இடுப்பில் தொங்குகிறது. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மஞ்சள் — எது யார் வீடு என்று குடியிருப்பவர்களுக்காவது தெரியுமா? இதையெல்லாம் நான் ரசித்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பால்கனியையும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

பூங்காவில் இலவ மரம் சிவப்பாகப் பூத்துக் கொட்டியிருந்தது. புல்தரையில் நாலைந்து பேர் சீட்டாடினார்கள். பெஞ்சில் ஓர் அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே என்னைப் பார்த்தார். பின்னல் நிற்கவில்லை, பார்வையும் நகரவில்லை. எதற்காகப் பார்க்கிறார்? அவர் கூட்டாளி யாராவது எனக்குப் பின்னால்...? அண்ணியின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

அப்போதுதான் ஒரு வயதான சர்தார்ஜி, உரித்த ஆரஞ்சுச் சுளையை மீனுவிடம் நீட்டினார். "லோ பேட்டா."

மயக்க மருந்து! மீனுவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அலறினாள். "சோடோ! முஜே சோடோ!"

'என்னை விடு' என்று அர்த்தமாம். பிறகுதான் தெரிந்தது. மீசை வைத்த அந்நியன் ஒருவன் இழுக்கிறான், குழந்தை 'விடு, விடு' என்று கதறுகிறது... சீட்டுக் கச்சேரி கலைந்து என்னைச் சூழ்ந்தது. சௌகிதார், அதாவது காவல்காரர், தடியோடு வந்துவிட்டார்.

"யே கௌன் ஹை, பேட்டா?" — இவர் யார் என்று மீனுவைக் கேட்டார்.

"சித்தப்பா" என்றாள் விசும்பலுக்கு நடுவே. அவள் தெளிவாகச் சொல்லும் தமிழ் வார்த்தை அது ஒன்றுதான்.

சௌகிதார் என் பக்கம் திரும்பினார். "நாம்?"

பெயர் கேட்கிறார். இதுகூடவா புரியாது? "சீனிவாசன்" என்று சொல்லி, டிரைவிங் லைசென்ஸையும் பெருமையாக நீட்டினேன்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. குழந்தை சித்தப்பா என்கிறது. அட்டையில் சீனிவாசன். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். நல்லவன் எவன் இரண்டு பெயர் வைத்துக்கொள்வான்?

"நோ, நோ... சித்தப்பா மீன்ஸ்... சோட்டா... பாப்" என்றேன். சின்ன அப்பா. சரியான மொழிபெயர்ப்புதானே?

"பாப்பா ஹைன்?" — இவர்தான் அப்பாவா என்று யாரோ மீனுவைக் கேட்டார்கள்.

"நஹீ. பாப்பா கர் மே ஹைன்" என்றாள். அப்பா வீட்டில் இருக்கிறாராம்.

அடுத்து என் காதில் விழுந்தது 'போலீஸ்'. பயந்துவிட்டேன், மறைப்பானேன்? பத்திரிகையில் என் போட்டோ — அதுவும் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்கு எதிரே, குற்றச் செய்திப் பக்கத்தில் — கண்முன் வந்து போனது.

ஸ்வெட்டர் அம்மாள் எழுந்து வந்தார். "ஏனுங்க, தமிழுங்களா?"

கொங்குத் தமிழ்! போன உயிர் திரும்பியது. "ஆமாங்க. சித்தப்பான்னா என்னன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க."

"சொல்றனுங்க. அண்ணன் வூடு எந்த நெம்பருங்க?"

"நம்பர்... தெரியாதுங்க. மஞ்சள் வீடு. வாசல்ல பச்சை ஸ்கூட்டர் நிக்கும்."

"சொந்த அண்ணன் வூட்டு நெம்பர் தெரியாதுங்களா?" மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. சந்தேகமும்தான்.

சித்தப்பா என்பது உறவு, பெயர் அல்ல என்று சௌகிதாருக்கு விளக்கினார். கூடவே, எதற்கும் வீட்டுக்குப் போய் விசாரித்துவிடலாம் என்றும் சொல்லிவைத்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. வழிகாட்டி மீனு. பின்னால் நான், சௌகிதார், நூல் உருண்டையோடு அம்மாள், மிச்ச ஆரஞ்சோடு சர்தார்ஜி. மீனு ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இந்த முறை அவள் கையை நான் தொடவில்லை. பால்கனிகளில் தண்ணி பலூனோடு நின்றவர்கள்கூட எறியாமல் வேடிக்கை பார்த்தார்கள். நம் ஊரில் ஒரு குழந்தை சித்தப்பா என்று கூப்பிட்டால் தெருவே சாட்சி சொல்லும். இங்கே அந்த ஒரு வார்த்தைதான் என்மேல் குற்றப்பத்திரிகை.

அண்ணி கதவைத் திறந்தார். இவரைத் தெரியுமா என்று சௌகிதார் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடி காலிலிருந்து தலைவரை பார்த்தார். அப்புறம்தான் "ஹாங்" என்றார்.

அந்த இரண்டாவது பார்வை எதற்கு? அதுதான் இப்போது என் சந்தேகம்.