எண்பது டிகிரி

வெர்லின் கௌடில் காப்பியைக்கூடச் சூடு அளந்துதான் குடிப்பார். பூட்ஸ் கயிற்றின் நுனியில் கட்டிய ஒரு பாரன்ஹீட் வெப்பமானி எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். படகை அவிழ்க்குமுன் அது ஏரிக்குள் இறங்கும். வீடு திரும்பினால் நாய்க்கு வைத்த தண்ணீருக்குள் இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது. "பாஸ்டர், அறுபத்திரெண்டு. இந்தத் தண்ணியில மஸ்கி மீன் தூண்டில நல்லாக் கடிக்கும்" என்றார். முழுக்கு வாங்க வெள்ளை அங்கியோடு நின்ற பெண் ஓர் அடி பின்னால் போனாள். மனைவி நேவாதான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சு.

மஸ்கி லேசுப்பட்ட மீன் இல்லை. முதலை வாய், நாலடிவரை வளரும் உடம்பு. நாள் முழுக்கத் தூண்டில் வீசினாலும் ஒன்று மாட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அது வடக்கே குளிர் ஏரிகளில்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. கென்டக்கி மலைகளுக்கு நடுவே, எங்கள் ரெட்பட் ஏரியில் அது இருக்கிறது என்று தெரிந்ததும் பளபளக்கும் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். படகுத்துறையில் வெர்லினைப் பிடித்து, எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

"எங்கேன்னு கேக்காத தம்பி, எப்போன்னு கேளு" என்பார் வெர்லின். அப்புறம் நிறுத்த முடியாது. இலை உதிர்ந்து ஏரி மேல் மிதக்கும் அக்டோபரில் புல்திட்டு ஓரம். குளிர் இறுகிவிட்டால், அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்களுக்கு நடுவே, மெதுவாக, ரொம்ப மெதுவாக. பிப்ரவரி மழைக்குப் பிறகு ஓடைகள் கலங்கலாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக ஏரியில் வந்து சேரும் முகம். மார்ச் என்றால் வெயில் படும் வடகரை. ஜூன் பிறந்துவிட்டால் வெப்பமானி சொல்வதுதான் சட்டம். "மனுசனுக்கு நூறைத் தாண்டினா காய்ச்சல். இதுக்கு எண்பதே காய்ச்சல். அதுக்கு மேல ஒரு கோடு ஏறினாலும் வீட்டுக்குப் போயிரு."

சட்டம் அவருடையது அல்ல, நேவா போட்டது. கல்யாணமான புதிதில், ஒரு ஜூலை மாதம், இருவரும் ஒரு மஸ்கியைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்ப ஏரியிலேயே விட்டார்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஜோராகத்தான் போனது. மறுநாள் காலையில் அதே மீன் வயிறு மேலாக ஓடை முகத்தில் மிதந்தது. சூடான தண்ணீரில் போராடிய மீன் அப்புறம் பிழைக்காது என்பது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. நேவா அழுதார். அந்த வாரமே வெப்பமானி வாங்கி, கயிறு கட்டிக் கணவர் கையில் கொடுத்தார்.

வெர்லின் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் பனி வாரும் வண்டி ஓட்டியவர். நேவா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பீன்ஸ் சூப் கிண்டியவர். அண்டாவில் கரண்டியை வட்டமாகச் சுற்றமாட்டார், எட்டுப் போடுவார். மஸ்கிக்காரர்களின் பழக்கம் அது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், தூண்டில் கயிற்றில் கட்டிப் படகருகே இழுத்து வந்த, மரத்தில் செதுக்கிய பொய்மீனைத் தூக்கிவிடாமல், தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, லைசென்ஸ் வாங்கப் போகிறவர் மாதிரி ஓர் எட்டுப் போடவேண்டும். பின்னாலேயே வந்த மஸ்கி அந்த வளைவில்தான் பாயும்.

1993 மார்ச்சில் அப்படித்தான் பாய்ந்தது. நேவாவின் கோல் வில்லாக வளைந்தது. அந்த அளவு மீனை அதற்கு முன்னும் அவர்கள் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெர்லின் கைவலையை எடுத்தார். தலைப் பக்கமாக விடவேண்டிய வலையை, பதற்றத்தில், வால் பக்கமாக விட்டார். பொய்மீனின் கொக்கி வலைக் கண்ணில் சிக்கிக்கொண்டது, மீன் ஒரு திருகு திருகிக் கொக்கியிலிருந்து கழன்றுகொண்டு போயிற்று. பல் பதிந்த அந்தப் பொய்மீன் இன்றைக்கும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. சோளரொட்டி தின்ன வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் நேவா அதை எடுத்துக் காட்டுவார். "வாலைப் பிடிக்கப் போன மகராசன் இவருதான்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வெர்லினும் சிரிப்பார். ஆனால் தனியாகப் படகில் இருக்கும்போது அந்த மார்ச் காலையை அவர் எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. பிளாஸ்கிலிருந்து ஊற்றிய காப்பியின் ஆவி, நேவாவின் சிவப்புத் தொப்பி, இரண்டு பேருக்கும் வலிக்காத தோள்கள். அந்த நினைப்பில் வலை மட்டும் சரியாக இறங்கும்.

போன ஜூனில் நேவாவுக்குத் தோளில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள், வியாழக்கிழமை. இனிமேல் அடி நீளப் பொய்மீனைக் கையால் வீசவே கூடாது என்று லெக்சிங்டன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை விடியலில் தண்ணீர் எழுபத்தெட்டு. கடைசியாக ஒரு தடவை என்று கிளம்பினார்கள். பிஸ்கட்டும் சாசேஜும் கட்டிக்கொண்டு, எங்கும் போகாமல், நேரே அந்தப் பெரிய மீன் பாய்ந்த பழைய வடகரைக்கே போனார்கள்.

பத்து மணி வரை ஒன்றும் இல்லை. காற்று நின்றுவிட்டது, வெயில் ஏறியது. ஒவ்வொரு வீச்சுக்கும் நேவா பல்லைக் கடித்துக்கொண்டார். போதும் என்று சொல்ல வெர்லினுக்கு வாய் வரவில்லை. மணிக்கொரு தரம் செய்வதுபோல வெப்பமானியை இறக்கித் தூக்கினார். எண்பத்தொன்று.

அதே நேரத்தில் நேவா மெல்ல, "வெர்லின்" என்றார்.

கோலின் நுனி தண்ணீருக்குள் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பொய்மீனுக்கு ஒரு சாண் பின்னால், தொண்ணூற்று மூன்றில் போனதே திரும்பி வந்ததுபோல, அத்தனை நீளமாக ஒரு மஸ்கி. வெர்லின் வலையை எடுத்துத் தலைப் பக்கமாக நின்றார். இதற்காகத்தான் முப்பது வருடமாகக் காத்திருந்தார். வெப்பமானி இன்னொரு கையில் தொங்கியது.

"தண்ணி எவ்வளவு?" கண்ணை எடுக்காமலே கேட்டார் நேவா.

எழுபத்தொன்பது என்று சொல்லிவிடலாம். நேவா திரும்பிப் பார்க்கப்போவதில்லை, நம்பிவிடுவார். மீன் ஒரு முழு எட்டு சுற்றி வந்தது. அடுத்த வளைவில் வாய் லேசாகத் திறந்தது.

"எண்பத்தொன்னு, கண்ணு."

நேவா கோலைத் தூக்கிவிட்டார். பொய்மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் ஆடியது. மஸ்கி அசையாமல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அப்படியே ஆழத்துக்கு இறங்கி மறைந்தது. நேவா வலிக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெர்லின் படகின் விளிம்பில் மண்டியிட்டார். மீனின் தலை இருந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, இந்தத் தடவை அதற்கு முன்பக்கமாக வலையை அவசரப்படாமல் இறக்கினார். அடியோடு அரித்து, இரண்டு கையாலும் வெறும் வலையைத் தூக்கி, தண்ணீர் முழுக்க வடிகிறவரை நேவாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.